எண்பத்தேழு

எல் ஆல்ட்டோ.
கடல்மட்டத்துக்கு மேலே நாலாயிரம் மீட்டர்.
பொறியியல் கல்லூரி நீரியல் ஆய்வகத்தின் சாவிக்கொத்து
பதினாறு வருடமாக என்னிடம்.
பெயர் ஹிலாரியோ சுர்க்கோ.

இங்கே முதன்முதல் வருகிறவர்கள்
நாலாவது படியில் நின்று மூச்சு வாங்குவார்கள்.
பாடப்புத்தகமும் வாங்கியிருக்க வேண்டும்.
அது ஏதோ துறைமுகத்தில் உட்கார்ந்து எழுதியது.

சுவரில் விதிப்பலகை:
தலைக்கவசம் கட்டாயம்.
தோல் காலணி கட்டாயம்.
அகலப் பாவாடைக்கு அனுமதி இல்லை.

மூன்றாவது வரியைப் பெயின்டால் எழுதியவன் நான்தான்.
மேலிடம் சொன்னது, தூரிகை என் கையில் இருந்தது.
அந்த வரியால் யாருக்கும் தொல்லை வந்ததில்லை.
வரக்கூடியவர்கள்
வந்ததே இல்லை.

பிறகு வாரா திகோனா வந்தாள்.
முதல் நாள் வாசலோடு திருப்பி அனுப்பினேன்.
மறுநாள் அண்ணனின் கால்சட்டை,
இடுப்பில் கயிறு.
மடிப்பு மடிப்பான பொயேராவைச் சுருட்டி
என் அலமாரியில், வாஷர் டப்பாக்களுக்கு நடுவே வைத்தாள்.
அந்த அரையாண்டு முழுக்க
என் வாஷர்களில் சூப்பு மணந்தது.
வியாழன் சந்தையில் அவளுக்கும் தாய்க்கும் கடை.

அன்று புதுப் பம்பு.
கீழ்த்தொட்டி எட்டு மீட்டர் ஆழத்தில்.
பத்து வரை இழுக்கும் என்றது புத்தகம்.
இழுக்கவில்லை. உள்ளே
சரளைக்கல்லை அரைக்கிற சத்தம்.
இதற்கு முன் இரண்டு பம்புகளை
இப்படித்தான் திட்டித் திருப்பியிருந்தோம்.

வாரா குழாயில் காதை வைத்தாள்.
“கொதிக்கிறது” என்றாள்.

சிரிப்பு.
ஒருவன் தொட்டுப் பார்த்து, “ஐஸ் மாதிரி இருக்கு” என்றான்.

“எங்கள் கடையில் உருளைக்கிழங்கு
ஏன் வேகாமல் அடம்பிடிக்கிறது?
சரியாகச் சூடாவதற்குள் தண்ணீர் கொதித்துவிடுகிறது.
இங்கே காற்று கனமில்லை.
உறிஞ்சுகிற குழாய்க்குள் இன்னும் இல்லை.
அங்கே கொதிக்க நெருப்பு எதற்கு?”

பேராசிரியர் உர்கிடி பேசவில்லை.
அவருக்குத் தெரியாத சூத்திரம் அல்ல.
கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியது.
தெரிந்ததை
இந்த ஊருக்கு ஏற்றிக் கொண்டுவர மறந்திருந்தார்.
பென்சில் கேட்டார். பத்தை அடித்தார்.
ஆறு என்று எழுதி, கொஞ்சம் யோசித்து,
ஆறுகூட இல்லை என்று எழுதினார்.

கிளம்பும்போது வாரா பலகையைப் பார்த்து நின்றாள்.
“அந்த பெல்ட்டுக்கு ஒரு கூண்டு போட்டால் என்ன?
பாவாடை என்றால் மட்டும்தான் இழுக்குமா?”

அப்போதுதான் பார்த்தேன்.
உர்கிடியின் பச்சைக் கம்பளிச் சால்வை
ஓடும் பெல்ட்டுக்கு நாலு விரல் தள்ளி
ஆடிக்கொண்டிருந்தது.
பதினாறு வருடமாக ஆடிக்கொண்டிருந்தது.
அதற்கு யாரும் பெயின்ட் எடுக்கச் சொல்லவில்லை.

சனிக்கிழமை கம்பிவலை வளைத்துக் கூண்டு செய்தோம்,
நான், வாரா, வெல்டிங் படிக்கிற எஃப்ராயின்.
மூன்றாவது விதியைக் கத்தியால் சுரண்டினேன்.
முழுதாகப் போகவில்லை.
மாலை வெயில் சாய்ந்து விழுந்தால்
இன்னும் படிக்கலாம்.

எல்லாம் மாறிவிட்டதா என்று கேட்காதீர்கள்.
இரட்டைப் பின்னலின் மேல் தலைக்கவசம்
இன்றைக்கும் உட்கார மாட்டேன் என்கிறது.
பதிவேட்டில் இந்த வருடம் பதினொரு பெண்கள்;
இருவர் பாதியில் நின்றார்கள்.
ஆய்வகம் முடிவது எட்டரை,
மேட்டுத்தெருவுக்குக் கடைசி மினிபஸ் எட்டேகால்.
இதில் எந்தச் சூத்திரம் தப்பு என்று
யாரும் காதை வைத்துப் பார்க்கவில்லை.

முதல்வர் வாராவின் படம் போட்டு
‘அனைவரும் வருக’ என்று சுவரொட்டி அடிக்க வந்தார்.
“என் முகத்தை எடுத்துவிட்டு
அங்கே பஸ் நேரத்தைப் போடுங்கள்” என்றாள்.
நேரத்தைப் போடவில்லை. ஆனால்
வகுப்பை ஏழரைக்கு முடிக்கிறார்கள், போன திங்கள் முதல்.

மூலை மேசையில் எனக்குத் தேநீர்.
ஆய்வக வெப்பமானியைக் கெட்டிலில் விட்டுப் பார்க்கிறேன்:
எண்பத்தேழு.
மூடி தடதடவென்று எழும்புகிறது.
மீதிப் பதின்மூன்றை
யாரிடமும் போய்க் கேட்காமல்.